ஓவர்க்ளாக் செய்த கணினி: க்ளாக்கும் வேகமும் சரியில்லை என்றால் எங்கே பார்ப்பது?

ஓவர்க்ளாக் செய்த டெஸ்க்டாப், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டப்படும் கணினி, இரண்டு விதமாகப் படுத்தும். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: ப்ளூ ஸ்க்ரீன், தானாக ரீஸ்டார்ட் ஆவது, அப்படியே உறைந்து நிற்பது. இன்னொன்று சத்தமே போடாது. திரையில் 5.2 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டும். வீடியோ ரெண்டர் மட்டும் பழைய நேரத்தைவிடக் கூடுதலாக இழுக்கும். இரண்டாவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். காட்டப்படும் க்ளாக் எண்ணை (வினாடிக்கு எத்தனை சுழற்சி என்ற அளவை) நம்பாமல், செய்து முடிக்கப்பட்ட வேலையை அளந்தால்தான் அது பிடிபடும். இந்த வழிமுறை முழுவதும் அந்த ஒரு கொள்கையில்தான் நிற்கிறது.

முதலில் ஒரு அடிக்கோடு

எந்த அறிகுறியாக இருந்தாலும், ஒப்பிட ஒரு எண் கையில் இல்லாமல் தேடத் தொடங்காதீர்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு அமைப்புத் திரையில்) இப்போதுள்ள அமைப்பை ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் பல போர்டுகளில் சேமித்த ப்ரொஃபைல்கள் அழிந்துவிடும் என்பதால் படம் அவசியம். பிறகு டிஃபால்ட் அமைப்பை ஏற்றி, சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளில் மல்டி கோர், சிங்கிள் கோர் இரண்டையும் மும்மூன்று முறை ஓட்டுங்கள். மூன்று ஓட்டங்களுக்கிடையே ஒரு சதவீத வித்தியாசம் இயல்பு. மதிப்பெண், அதிகபட்ச வெப்பநிலை, ப்ராசசர் இழுக்கும் வாட், கோர் எஃபெக்டிவ் க்ளாக் (விளக்கம் பின்னால் வரும்) ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்காணிக்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ ஒன்றே போதும். அதோடு மதர்போர்டு கம்பெனியின் மென்பொருள், விளக்கு மென்பொருள், இன்னொரு சென்சார் மென்பொருள் என்று சேர்த்து ஓட்டினால், எல்லாம் ஒரே சென்சார் சிப்பை மாறி மாறிக் கேட்கும். தவறான எண்களும், சில கணினிகளில் சிறு சிறு திக்கல்களும் அதனாலேயே வரும்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ப்ராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டு எது தவறு என்று தேடுவது வீண் வேலை. ஏற்கெனவே அப்படி ஏற்றியிருந்தால், ரேமையும் கிராபிக்ஸ் கார்டையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு ப்ராசசரை மட்டும் தனியாகச் சோதியுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வேறு டிஸ்க்கில் நகல் இருக்கட்டும். ரேம் பிழை கணினியை நிறுத்தாமலேயே கோப்புகளைக் கெடுக்கக்கூடியது.

அறிகுறி: சும்மா இருக்கும்போது க்ளாக் 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது

இது பழுதில்லை. இன்டெல்லில் ஸ்பீட்ஸ்டெப், ஸ்பீட் ஷிஃப்ட், ஏஎம்டியில் அவற்றுக்கு நிகரான வசதிகள் வேலை இல்லாதபோது க்ளாக்கைக் குறைக்கின்றன. வேலை வந்ததும் மில்லி வினாடிக் கணக்கில் ஏறிவிடும். இதைத் தடுக்க சி-ஸ்டேட்களை (கோர்களை உறங்கவைக்கும் வசதியை) அணைப்பதால் சும்மா இருக்கும்போதும் வெப்பமும் மின்சாரமும் கூடும்; தவிர, ஒரு கோர் மட்டும் உயரே பூஸ்ட் ஆவதும் சில ப்ராசசர்களில் குறைந்துவிடும்.

5000 வைத்த இடத்தில் 4988 என்று காட்டினால், பேஸ் க்ளாக் (பெருக்கி என்ற எண்ணால் பெருக்கப்பட்டு கோர் க்ளாக்கைத் தரும் அடிப்படை அதிர்வெண்) 100 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 99.8 அளவில் ஓடுகிறது என்று பொருள். பயாஸில் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் இயங்குவது இதற்கு வழக்கமான காரணம். அணைக்கலாம், விட்டாலும் நஷ்டமில்லை.

அறிகுறி: வேலை கொடுத்தால் வைத்த க்ளாக் நிற்பதில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்கள் பல, ஆனால் ஒவ்வொன்றும் விழும் விதத்தில் அடையாளம் விட்டுச்செல்கிறது. எனவே எண்ணைவிட நேரத்தைப் பாருங்கள். சினிபெஞ்சைப் பத்து நிமிடத் தொடர் ஓட்டத்தில் விட்டு, எத்தனையாவது வினாடியில் க்ளாக் விழுகிறது என்று கவனியுங்கள்.

தொடங்கிய இரண்டு மூன்று வினாடியிலேயே வெப்பநிலை உச்சத்தைத் தொட்டு க்ளாக் இறங்குகிறதா? கூலர் ப்ராசசரோடு சரியாக ஒட்டவில்லை, அல்லது லிக்விட் கூலரின் பம்ப் ஓடவில்லை. பம்ப் வேகம் ஆர்பிஎம்மாக ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் தெரியும். பூஜ்யம் என்றால் வயர் கழன்றிருக்கிறது அல்லது பம்ப் செத்துவிட்டது. பம்பை ஃபேன் வளைவோடு இணைத்து வேகத்தைக் குறைப்பது கூடாது. அந்த இணைப்பை எப்போதும் முழு வேகத்தில் வையுங்கள். பம்ப் சரியென்றால் கூலரைக் கழற்றி, தெர்மல் பேஸ்ட் பரவியிருக்கும் தடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தால் திருகுகள் சமமாக இறுக்கப்படவில்லை. குறுக்கு வாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். புதிய கூலரின் அடியில் ஒட்டிய பாதுகாப்பு பிளாஸ்டிக்கை எடுக்க மறந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

பல நிமிடம் மெதுவாக ஏறி, பிறகு விழுகிறதா? ஒட்டுதல் நன்றாக இருக்கிறது. வெப்பம் கேபினெட்டைவிட்டு வெளியேறவில்லை. பக்கவாட்டுப் பலகையைத் திறந்துவைத்து மறுபடி ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் காற்றோட்டம்தான் பிரச்சினை: தூசி வடிகட்டி, ரேடியேட்டர் இதழ்கள், ஃபேன் திசை ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

உச்சம் என்பது எது? இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் பெரும்பாலும் 100 டிகிரி. ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 90, ரைசன் 7000-இல் 95, அதில் 7800எக்ஸ்3டி போன்றவற்றுக்கு 89. ரைசன் 7000-இன் உயர்நிலை மாடல்கள் முழு வேலையில் 95-ஐத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே அந்த எண் மட்டும் தெரிவதைப் பழுதாக எண்ண வேண்டாம். டிஃபால்ட் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெப்பம் சாதாரணமாக இருக்க, சரியாக 28-ஆவது அல்லது 56-ஆவது வினாடியை ஒட்டி க்ளாக் இறங்குகிறதா? இது இன்டெல் மின் வரம்பின் கையெழுத்து. குறுகிய நேரத்துக்கு பிஎல்2 அளவு வாட் வரை அனுமதித்து, டாவ் எனப்படும் நேரம் முடிந்ததும் பிஎல்1-க்கு இறக்குவது அதன் முறை. ஐ9-13900கே-க்கு அடிப்படை மின் அளவு 125 வாட், அதிகபட்ச டர்போ 253 வாட். பிஎல்1-இல் 125 என்று வைத்துவிட்டு எல்லாக் கோர்களும் 5.5-இல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் நடக்காது. பயாஸில் இரண்டு வரம்புகளையும் கூலர் தாங்கும் அளவுக்கு உயர்த்துங்கள். சில போர்டுகள் 4096 என்று எழுதி வரம்பையே நீக்கிவிடுகின்றன. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வரம்பு ஒரு தடை போலத் தெரிந்தாலும், கூலர் பழுதாகும் நாளில் அதுவும் ஒரு காவல்.

ஏஎம்டியில் இதே வேலையைச் செய்வன மூன்று: பிபிடி (மொத்த வாட்), டிடிசி (தொடர்ந்து இழுக்கும் மின்னோட்டம்), இடிசி (கண நேர உச்ச மின்னோட்டம்). ஏஎம்4 சாக்கெட்டில் 105 வாட் என்று விற்கப்படும் ப்ராசசரின் டிஃபால்ட் வரம்புகள் முறையே 142 வாட், 95 ஆம்பியர், 140 ஆம்பியர். ஏஎம்5-இன் 170 வாட் மாடல்களுக்கு பிபிடி 230 வாட். இந்த மூன்றில் எது நூறு சதவீதத்தைத் தொடுகிறது என்று ஹெச்டபிள்யூஇன்ஃபோ நேரடியாகக் காட்டும். இன்டெல்லில் 'பெர்ஃபார்மன்ஸ் லிமிட் ரீசன்ஸ்' பகுதியில் எந்த வரி 'யெஸ்' என்று மாறுகிறதோ அதுதான் குற்றவாளி.

சில மென்பொருள்களில் மட்டும் சரியாக 200 அல்லது 300 மெகாஹெர்ட்ஸ் குறைகிறதா? ஏவிஎக்ஸ் ஆஃப்செட் வேலை செய்கிறது; ஏவிஎக்ஸ் என்பவை பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் கட்டளைகள். பெருக்கி 50, ஆஃப்செட் 2 என்றால் ஏவிஎக்ஸ் கட்டளைகள் வரும்போது 4.8 கிகாஹெர்ட்ஸ். அந்தக் கட்டளைகள் கூடுதல் மின்சாரம் இழுப்பதால் வைத்த ஏற்பாடு அது. அதைப் பூஜ்யமாக்கினால், விளையாட்டில் நிலையாக இருந்த கணினி வீடியோ என்கோடிங்கில் விழ வாய்ப்பு உண்டு.

க்ளாக் சற்றே இறங்காமல் தடாலென்று 400, 550 அல்லது 800 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்து, வேலை இருக்கும்போதும் அங்கேயே ஒட்டிக்கொண்டதா? இது ப்ராக்ஹாட், அதாவது 'சூடு அதிகம்' என்று ப்ராசசருக்குச் சொல்லும் சமிக்ஞை. ப்ராசசர் குளிர்ந்திருந்தாலும், மதர்போர்டில் உள்ள மின் சீராக்கிப் பகுதியான விஆர்எம் சூடேறினால் அது இந்தச் சமிக்ஞையை இழுத்துவிடும். விஆர்எம் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். டவர் கூலரிலிருந்து லிக்விட் கூலருக்கு மாறியவர்களுக்கு இது அதிகம் வரும்: முன்பு கூலர் ஃபேன் காற்று விஆர்எம் மீதும் பட்டது, இப்போது படுவதில்லை. அதன் மேல் ஒரு சிறு ஃபேன் வைத்தாலே பல இடங்களில் தீர்ந்துவிடும். த்ராட்டில்ஸ்டாப் மென்பொருள் மூலம் ப்ராக்ஹாட்டையே அணைத்துவிடும் வழியை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். டெஸ்க்டாப்பில் அதைச் செய்யாதீர்கள். பொய்யான சமிக்ஞை என்று சந்தேகம் இருந்தால் கணினியை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள்.

ப்ராசசரின் அடிப்படை வேகத்துக்கு மேல் ஒருபோதும் போகவே மாட்டேன் என்கிறதென்றால் விண்டோஸ் பவர் பிளானைத் திறந்து 'மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்' பாருங்கள். 99 என்றிருந்தால் டர்போ அணைந்துவிடும். 100 ஆக்குங்கள்.

அறிகுறி: க்ளாக் முழுதாகக் காட்டுகிறது, மதிப்பெண் குறைகிறது

இங்கேதான் கோர் க்ளாக்கும் எஃபெக்டிவ் க்ளாக்கும் பிரிகின்றன. முதலாவது பெருக்கியைப் பேஸ் க்ளாக்கால் பெருக்கி வரும் எண். இரண்டாவது, அந்த இடைவெளியில் உண்மையில் எத்தனை சுழற்சிகள் நடந்தன என்று எண்ணிச் சொல்வது. முழு வேலையில் இரண்டும் சில பத்து மெகாஹெர்ட்ஸுக்குள் ஒத்துப்போக வேண்டும். 4850 என்று காட்டி எஃபெக்டிவ் 4600 என்றால், ரைசன் க்ளாக் ஸ்ட்ரெச்சிங் செய்கிறது: வோல்டேஜ் போதாமல் சரிவதைச் சிப் உணர்ந்து, விழுந்துவிடாமல் இருக்கச் சுழற்சிகளை நீட்டுகிறது. வோல்டேஜைக் குறைத்து வெப்பத்தை இறக்கியவர்கள், வெப்பமும் குறைந்தது, க்ளாக்கும் அப்படியே இருக்கிறது என்று மகிழ்வது பெரும்பாலும் இதை அளக்காததால்தான். எதிர்மறை ஆஃப்செட்டைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணைப் பாருங்கள். மதிப்பெண் ஏறுவது நின்ற இடம்தான் உங்கள் சரியான இடம்.

எஃபெக்டிவ் க்ளாக்கைச் சும்மா இருக்கும்போது பார்க்காதீர்கள். உறங்கும் கோர்கள் அதில் 50 மெகாஹெர்ட்ஸ் என்றெல்லாம் காட்டும். எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுத்த பின் பார்க்கவேண்டிய எண் அது.

இரண்டு க்ளாக்கும் ஒத்துப்போயும் மதிப்பெண் குறைவென்றால் ரேம் பக்கம் திரும்புங்கள். கம்ப்ரஷன், விளையாட்டு போன்றவை ரேம் வேகத்துக்கு உடனே பதில் சொல்லும். சினிபெஞ்ச் அவ்வளவாகச் சொல்லாது. ஆகவே சினிபெஞ்ச் சரி, விளையாட்டு மட்டும் மந்தம் என்றால் ரேம் மேல்தான் முதல் சந்தேகம்.

ரேமும் சரியென்றால் விண்டோஸில் மூன்று இடங்கள். ஒன்று, டாஸ்க் மேனேஜரில் பின்னணியில் ஏதாவது ஓடுகிறதா என்பது. இரண்டு, கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி. விண்டோஸ் மறு நிறுவலுக்குப் பின் அது தானாக இயங்கியிருந்தால் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அது பாதுகாப்பு வசதி என்பதால், அணைக்கும் முன் நன்றாக யோசியுங்கள். மூன்று, பழைய 'வேகம் கூட்டும்' குறிப்புகளைப் பின்பற்றிக் கடிகார அமைப்பை மாற்றியிருப்பது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பிசிடிஎடிட் என்று தட்டுங்கள். யூஸ்-பிளாட்ஃபார்ம்-க்ளாக் என்ற வரி 'யெஸ்' என்று வந்தால், விண்டோஸ் நேரத்தை வேகமான டிஎஸ்சி எண்ணியை விட்டு, ஒவ்வொரு முறையும் படிக்க நேரம் பிடிக்கும் ஹெச்பிஇடி என்ற டைமரிலிருந்து எடுக்கிறது. விளையாட்டில் திக்கல் வர இதுவே போதும். பிசிடிஎடிட்டின் டெலீட்வேல்யூ கட்டளையால் அந்த வரியை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'நோ' என்று எழுதுவதைவிட வரியையே நீக்குவது சுத்தம்.

அறிகுறி: ரேம் வாங்கிய வேகத்தில் ஓடவில்லை

சிபியூ-இசட் பாதி எண்ணைக் காட்டும். டிடிஆர் என்றாலே ஒரு சுழற்சிக்கு இருமுறை தகவல் போவது. 3600 ரேமுக்கு அங்கே 1800 தெரிந்தால் சரியாகவே ஓடுகிறது.

டிடிஆர்4-க்கு 2133, 2400, 2666 என்றோ டிடிஆர்5-க்கு 4800 என்றோ வந்தால் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை விற்ற வேகத்தில் ஓட்டும் ப்ரொஃபைல்) இயங்கவில்லை. நேற்றுவரை இயங்கியது, இன்று இல்லை என்றால் அது ஒரு செய்தி: கணினி ஒருமுறை ரேமைத் தயார்செய்ய முடியாமல் தோற்று, போர்டு தானே பாதுகாப்பான வேகத்துக்குத் திரும்பியிருக்கிறது. எக்ஸ்எம்பியை மறுபடி இயக்கிவிட்டு மறந்துவிடாதீர்கள்; அந்த வேகம் விளிம்பில் நிற்கிறது. ஒரு படி குறைத்து வைப்பதே நல்லது. நான்கு ரேம் குச்சிகள் போட்டிருந்தால் இரண்டு போட்ட கணினியின் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது, முக்கியமாக டிடிஆர்5-இல். இரண்டே குச்சிகள் என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுங்கள். முதல் இரண்டு அல்லது கடைசி இரண்டு இடங்களில் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் சிங்கிள் சேனலாகி, தகவல் போகும் வேகம் பாதியாகும்.

ரேம் க்ளாக்கை ஏற்றியும் வேகம் குறைவது இன்னொரு வகை. ரைசன் 3000, 5000-இல் எஃப்க்ளாக்கும் (ப்ராசசரின் பகுதிகளை இணைக்கும் பாதையின் க்ளாக்) ரேம் க்ளாக்கும் ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் இருக்க வேண்டும். 3600 ரேமுக்கு 1800 எஃப்க்ளாக் எளிதில் கிடைக்கும். 1900 வரை பல சிப்கள் போகும். அதற்கு மேல் ரேமை 4000, 4200 என்று தள்ளினால் போர்டு விகிதத்தை உடைத்துவிடும், தாமதம் கூடிவிடும். ரைசன் 7000-இல் முக்கியமான ஜோடி யூக்ளாக் (ரேம் கன்ட்ரோலரின் க்ளாக்), எம்க்ளாக் (ரேம் க்ளாக்). 6000 ரேமுக்கு இரண்டும் 3000-இல் இருக்க வேண்டும், எஃப்க்ளாக் தனியே 2000 அளவில் ஓடும். இன்டெல்லில் இதே விஷயம் கியர் 1 (கன்ட்ரோலர் ரேம் க்ளாக்கிலேயே ஓடுவது), கியர் 2 (அதில் பாதியில் ஓடுவது) என்ற பெயரில் வரும். ரேம் வேகத்தைக் கூட்டிய பிறகு கியர் மாறியிருக்கிறதா என்று பயாஸில் பாருங்கள்.

அறிகுறி: வேலை நடுவே ப்ளூ ஸ்க்ரீன்

திரையில் வரும் பிழையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 'க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்', அதாவது 101 என்றால் ஒரு கோர் பதில் சொல்லவில்லை: கோர் வோல்டேஜ் போதவில்லை, அல்லது க்ளாக் அதிகம். 124, அதாவது டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர் என்றால் ப்ராசசர் தானே பிழையைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. கோர் வோல்டேஜ், கேஷ் க்ளாக், எஃப்க்ளாக் மூன்றில் ஒன்று. 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட்' என்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயரில் வந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதே ரேம் பிழையின் குணம்.

சோதனைகளுக்கும் தனித்தனி இலக்கு உண்டு. பிரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி கோர்களையும் கூலரையும் வதைக்கும். லார்ஜ் எஃப்எஃப்டி ரேம் கன்ட்ரோலரையும் சேர்த்து இழுக்கும். ஸ்மால் ஓடி லார்ஜில் தோற்றால் கோர் வோல்டேஜைக் கூட்டுவதில் பயனில்லை. 'ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் குறைவு' என்ற பொருளில் ஒரு வரி வந்து ஒரு வொர்க்கர் நின்றால், கணினி விழாவிட்டாலும் கணக்கு தப்பிவிட்டது. அந்த ஓவர்க்ளாக் தோல்விதான். ரேமுக்கு டெஸ்ட்மெம்5 அல்லது மெம்டெஸ்ட்86. ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதல்ல.

கோர் வோல்டேஜைச் சரிபார்க்கும்போது விஐடி எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ப்ராசசர் கேட்கும் வோல்டேஜ். கிடைப்பது விகோர் வரியில் இருக்கும். பயாஸில் 1.35 வைத்தால் முழு வேலையில் 1.25-க்கு இறங்குவது சாதாரணம். இந்தச் சரிவை லோட் லைன் கேலிப்ரேஷன் குறைக்கும். அதை உச்ச நிலைக்கு வைப்பது தவறு: வேலை சட்டென்று நிற்கும் கணத்தில் வோல்டேஜ் வைத்ததைவிட மேலே துள்ளும், அந்தத் துள்ளல் மென்பொருளின் கண்ணில் படாது. நடு நிலையில் வைத்து, பயாஸ் வோல்டேஜை 10 மில்லிவோல்ட் வீதம் கூட்டிப் போவதே பாதுகாப்பான பாதை.

ப்ளூ ஸ்க்ரீன் வரிசையாக வந்த கணினியில், ஓவர்க்ளாக்கை நீக்கியபின் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டி விண்டோஸ் கோப்புகளைச் சரிபாருங்கள். கெட்ட கோப்புகளோடு தொடர்ந்து சோதித்தால், வோல்டேஜ் சரியான பின்னும் கணினி விழுந்துகொண்டே இருக்கும்.

அறிகுறி: வதைப்பு சோதனை எல்லாம் தேறுகிறது, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட்

ரைசனில் கோர் வாரியாக வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30 கொடுத்தவர்களுக்கு நன்கு பழக்கமான நிலை. எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது க்ளாக் குறைவு. ஒரே கோர் லேசான வேலை செய்யும்போதுதான் பூஸ்ட் உச்சத்துக்குப் போகும், வோல்டேஜ் பற்றாக்குறையும் அங்கேதான் வெளிப்படும். அதனால்தான் சினிபெஞ்ச் மணிக்கணக்கில் ஓடும் கணினி, பிரவுசர் திறந்ததும் விழுகிறது.

ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய், டபிள்யூஹெச்இஏ-லாகர் பதிவுகளைத் தேடுங்கள். எண் 18 என்றால் கணினியை விழவைத்த பிழை. அதில் 'ப்ராசசர் ஏபிஐசி ஐடி' இருக்கும். ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் அந்த எண்ணை இரண்டால் வகுத்தால் கோர் எண் கிடைக்கும்: ஐடி 6 அல்லது 7 என்றால் கோர் 3. ஆறு கோர் சிப்லெட்கள் இரண்டு கொண்ட மாடல்களில் எண்கள் நடுவே தாண்டிப் போவதால், கோர்சைக்ளர் மூலம் ஒவ்வொரு கோராக ஓட்டி உறுதிசெய்யுங்கள். அகப்பட்ட கோருக்கு மட்டும் ஐந்து ஐந்தாகத் தளர்த்துங்கள்: மைனஸ் 30 என்பது மைனஸ் 25, பிறகு மைனஸ் 20. ஒரு எண் என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். சிப்பின் மிகச் சிறந்த கோர்கள்தாம் பொதுவாகக் குறைந்த எதிர்மறையைத் தாங்கும். அவை ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் உயரே போகும்படி கம்பெனியில் அமைக்கப்பட்டவை.

எண் 19 என்றால் திருத்தப்பட்ட பிழை. கணினி ஓடிக்கொண்டிருக்கும், பிழை மட்டும் குவியும். 'பஸ் / இன்டர்கனெக்ட் எரர்' என்று வந்தால் எஃப்க்ளாக்கை ஒரு படி இறக்குங்கள். இந்தப் பதிவுகளைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். திருத்துவதற்குச் செலவாகும் நேரம் உங்கள் வேகத்திலிருந்துதான் போகிறது. எண் 17 பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைச் சுட்டும். பேஸ் க்ளாக்கை 100-க்கு மேல் ஏற்றியிருந்தால், பல போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸும் சேர்ந்து ஏறியிருக்கும். முதலில் அதை 100-க்குக் கொண்டுவாருங்கள்.

எந்த டபிள்யூஹெச்இஏ பதிவும் இன்றி, கெர்னல்-பவர் 41 மட்டும் இருந்தால் மின்சாரம் சட்டென்று போனது என்றுதான் பொருள். கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை வரும்போதே இப்படி நடந்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். 12 வோல்ட் வரி 11.4-க்குக் கீழே போகக்கூடாது. மென்பொருள் காட்டும் எண்ணைவிட மல்டிமீட்டர் நம்பகமானது.

அறிகுறி: கிராபிக்ஸ் கார்டு வேகம்

ஜிபியூ-இசட்டின் 'பெர்ஃப்கேப் ரீசன்' வரி என்விடியா கார்டுகளில் பாதி வேலையை முடித்துவிடும். பவர் என்றால் மின் வரம்பு, தெர்மல் என்றால் வெப்பம், விரெல் என்றால் வோல்டேஜ் வரம்பு. 'யூடில்' அல்லது 'ஐடில்' என்றால் கார்டுக்கு வேலை போதவில்லை. ப்ராசசர்தான் இழுத்துப் பிடிக்கிறது, கார்டை இன்னும் ஏற்றிப் பயனில்லை. சூடாகச் சூடாக 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக க்ளாக் இறங்குவது பூஸ்ட் முறையின் இயல்பு. 60 டிகிரியிலேயே சில படிகள் போயிருக்கும்.

கார்டின் மெமரியை ஏற்றும்போது திரையில் புள்ளிகள் வராததை வெற்றியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, தகவல் பிழையானால் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். எல்லை தாண்டினால் படம் கெடாது, ஃப்ரேம் எண்ணிக்கை குறையும். 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே பெஞ்ச்மார்க்கை ஓட்டுங்கள். மதிப்பெண் ஏறுவது நின்று இறங்கத் தொடங்கிய புள்ளியிலிருந்து 200 குறைத்து வையுங்கள். அந்த மெமரியின் ஜங்ஷன் வெப்பநிலை 110 டிகிரியை எட்டினால் கார்டு தானே வேகத்தைக் குறைக்கும்.

திரை ஒரு கணம் கருத்துத் திரும்பி, ஈவென்ட் வியூவரில் 4101 பதிவு இருந்தால் டிரைவர் மறுதொடக்கம் ஆகியிருக்கிறது: கோர் க்ளாக்கை 15 வீதம் இறக்குங்கள். அதிக மின்சாரம் இழுக்கும் கார்டில் இரண்டு எட்டு-பின் இணைப்பு இருந்தால், ஒரே வயரின் இரண்டு கிளைகளைக் குத்தாமல் இரண்டு தனி வயர்களைப் பயன்படுத்துங்கள். ஓர் எட்டு-பின் இணைப்பின் அளவு 150 வாட்.

சும்மா இருக்கும்போது பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.1 என்று காட்டுவது மின்சேமிப்பு. ஜிபியூ-இசட்டிலேயே உள்ள ரெண்டர் சோதனையை இயக்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் 16 லேனுக்குப் பதில் 8 அல்லது 4 என்றால், எம்.2 எஸ்எஸ்டி லேன்களைப் பகிர்கிறதா என்று மதர்போர்டு கையேட்டில் பார்த்துவிட்டு, கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துங்கள்.

அறிகுறி: கணினியின் கடிகாரமே தவறுகிறது

அணைத்து வைத்திருந்த பின் நேரம் பின்தங்கி, பயாஸ் அமைப்பும் டிஃபால்ட்டுக்குப் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியதில் 3 வோல்ட் இருக்கும், 2.8-க்குக் கீழே அளந்தால் மாற்றிவிடுங்கள். ஓவர்க்ளாக் 'காணாமல் போவதற்கு' இந்தச் சிறு பேட்டரி காரணமாக இருப்பது அடிக்கடி கவனத்துக்கு வராமல் போகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் பிசகினால் கதை வேறு. விண்டோஸுக்குள்ளிருந்தே மென்பொருள் மூலம் பேஸ் க்ளாக்கை மாற்றினால், விண்டோஸ் துவங்கியபோது கணித்த கடிகார வேகமும் இப்போதைய வேகமும் பொருந்தாமல் போகலாம். அப்போது கணினியின் ஒரு வினாடி உண்மையான வினாடியாக இருக்காது. நேரத்தை வைத்துக் கணக்கிடும் பெஞ்ச்மார்க் எண்களும் பொய்யாகும். 2013 ஆகஸ்டில் ஓவர்க்ளாக் மதிப்பெண்களைப் பதிவுசெய்யும் ஹெச்டபிள்யூபாட் தளம் விண்டோஸ் 8 முடிவுகளை ஏற்க மறுத்தது இந்தக் காரணத்தால்தான். சோதிக்கும் முறை எளிது: போனின் ஸ்டாப்வாட்சையும் விண்டோஸ் க்ளாக் செயலியின் ஸ்டாப்வாட்சையும் ஒன்றாகத் தொடங்கி, பத்து நிமிடம் கழித்து ஒப்பிடுங்கள். கை தாமதத்தைத் தாண்டிப் பல வினாடிகள் விலகினால் பேஸ் க்ளாக்கை விண்டோஸில் மாற்றுவதை விட்டு, பயாஸில் வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அறிகுறி: மாதக்கணக்கில் நிலையாக இருந்தது, இப்போது விழுகிறது

எதையும் ஏற்றாமல் இருந்தும் விழத் தொடங்கினால், முதலில் மாறியது எது என்று பாருங்கள். அறை வெப்பம் பத்து டிகிரி கூடினால் ப்ராசசர் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். குளிர்ந்த அறையில் விளிம்பில் நின்ற ஓவர்க்ளாக் சூடான அறையில் விழும். தூசி, காய்ந்த பேஸ்ட், பயாஸ் அப்டேட்டில் மாறிப்போன ஆட்டோ வோல்டேஜ்கள் அடுத்த சந்தேகங்கள். ரைசன் 7000-இல் பயாஸ் மாற்றத்துக்குப் பின் எஸ்ஓசி வோல்டேஜை (ரேம் கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) அவசியம் பாருங்கள். 2023-இல் சில ப்ராசசர்கள் எரிந்ததை அடுத்து ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைத்தது. அந்த வரம்பில்லாத பழைய பயாஸில் யாராவது இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றே மாற்றுவது நல்லது. மாற்றியபின் முதல் துவக்கத்தில் ரேம் தயாராகச் சில நிமிடம் திரை கறுப்பாக இருக்கலாம். பதறி அணைக்காமல் காத்திருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, பழைய க்ளாக்குக்கு இப்போது கூடுதல் வோல்டேஜ் தேவைப்படுகிறதென்றால் சிப் தேய்ந்திருக்கிறது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் இது ஓவர்க்ளாக் செய்யாதவர்களுக்கும் வந்தது. தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜ் கேட்கும் கோளாறை 2024 ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோட் (பயாஸ் வழியே வரும் ப்ராசசர் திருத்தம்) 1.55 வோல்ட்டில் கட்டுப்படுத்தியது. அடுத்த மாதம் 0x12பி வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டுகள் நீட்டியது. புதிய பயாஸ் இனிவரும் தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. அதை உறுதிசெய்ய டிஃபால்ட் அமைப்பையும் இன்டெல் சொல்லும் மின் வரம்புகளையும் வைத்து, ரேமை எக்ஸ்எம்பி இல்லாமல் ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால் வோல்டேஜைக் கூட்டி ஒட்டிப்போட முயல வேண்டாம். ப்ராசசரை உத்தரவாதத்தில் மாற்றக் கேளுங்கள்.